ஆணி இல்லை, ஆப்புதான்!

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடிக்காரர்கள் யாரும் இந்தத் தேதிகளை மறக்கமாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு வயதுப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு, மாடி வீட்டுக்காரர்கள் தயவில் நான்கு நாள் ஒண்டிக் கிடந்தோம். தண்ணீர் வடிந்து கீழே இறங்கிப் பார்த்தால்... அலமாரி, மேஜை, கட்டில் மூன்றும் காப்பியில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பிக் கிடந்தன! மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகையில் செய்த சாமான்கள். அலமாரிக் கதவைத் தொட்டதும் கீல் கையோடு வந்துவிட்டது. தவணையோ இன்னும் ஏழு பாக்கி.

தப்பியது ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஆச்சி உட்கார்ந்து மீன் ஆய்கிற குட்டிப் பெஞ்சு. சேற்றைக் கழுவி நிழலில் சாய்த்து வைத்தேன். பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டது. ஆச்சரியமாக இருக்கவே குப்புறக் கவிழ்த்துப் பார்த்தேன். ஓர் ஆணிகூட இல்லை!

அந்தச் சமயம் கப்பலில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் லீவில் வந்திருந்தார். "அண்ணி, இதே மாதிரி ஒண்ணு என் புஸ்தகத்துல இருக்கு" என்று, அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய படப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஷேக்கர்கள் என்ற கூட்டத்தார் செய்த மரச்சாமான்கள். பூ வேலை இல்லை, கொடி வேலை இல்லை, பளபளப்பு இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல ஓர் அடக்கமான அழகு.

யார் இந்த ஷேக்கர்கள்? கதையைக் கேட்டால் உங்களுக்கும் மனசு கனத்துப்போகும். ஆன் லீ என்ற பெண் 1736-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் பிறந்தாள். கொல்லர் வீட்டுப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. பஞ்சாலை வேலை. பெற்ற நான்கு குழந்தைகளும் சின்ன வயதிலேயே போய்விட்டன. அந்தத் துக்கத்திலிருந்து அவள் எழுந்த விதம்தான் ஆச்சரியம். 1774-ல் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி அமெரிக்கா போனாள். பத்து வருஷத்தில், 1784-ல், காலமாகியும்விட்டாள். ஆனால் அவள் வழியில் வந்தவர்கள் கிராமம் கிராமமாகக் கூடி வாழ்ந்தார்கள். கல்யாணம் கிடையாது. சொத்து பொது. நிர்வாகத்தில் ஆணுக்குச் சமமாகப் பெண்ணும் உண்டு. தொழுகையில் உடம்பைக் குலுக்கி ஆடுவார்களாம். அதனால்தான் ஷேக்கர், அதாவது குலுங்குகிறவர்கள் என்ற பெயர். கல்யாணமே இல்லாத கூட்டம் எத்தனை நாள் தழைக்கும்? இன்று விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே மிச்சம். அவர்கள் செய்த நாற்காலிகளோ மியூசியங்களில் இருக்கின்றன.

அந்த வீடுகளில் சுவரைச் சுற்றி ஒரு மரச்சட்டம், அதில் வரிசையாக மர முளைகள். கூட்டும்போது நாற்காலியைத் தலைகீழாக அதில் மாட்டிவிட்டால் தரை காலி! தினம் கட்டிலுக்கடியில் குனிந்து கூட்டுகிற நமக்கல்லவா அதன் அருமை தெரியும்? நாற்காலி இருக்கைக்குத் துணி நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினார்கள். நம்ம ஊர் நாடாக் கட்டில் மாதிரியேதான். இன்னொன்று என்னை ரொம்பத் தொட்டது. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களுக்காகப் பெரியவர் அளவிலேயே தொட்டில் செய்தார்களாம். மெல்ல ஆட்டி விட்டால் உடம்பு ஒரே பக்கம் அழுந்தாது, படுக்கைப் புண் வராது என்று. வீட்டில் வயசாளியைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகள் இதை யோசித்துப் பாருங்கள்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தெருக்கோடி ஆசாரி அண்ணாச்சியிடம் போனேன். இளவயதில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணிகளைக் கட்டின கை. படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல என்ன தாயி புதுசு? துளையில நாக்கைச் செருகி ஆப்பு அடிச்சிருக்கான். ஒங்க ஆச்சி பெஞ்சும் அதே வேலைதான். பூவரசு மரம்."

"அப்போ ஆணியே கூடாதா அண்ணாச்சி?"

"அப்படி யாரு சொன்னா? தோணிக்கு இரும்பு இல்லாம முடியாது. ஆனா தோணியைக் கரையேத்தி வச்சுப் பழுது பாக்குதோம். ஒன் வீட்டுப் பெஞ்சை யாரு கரையேத்தப் போறா?"

எவ்வளவு சரி! இது உப்பளக் காற்று வீசுகிற ஊர். ஈர மரத்துக்குள் இரும்பாணி துருப்பிடித்து உப்பும், சுற்றியுள்ள மரம் கறுக்கும், பிடி விட்டுப்போகும். மரத்தோடு மரம் சேர்ந்தால் மழைக்காலத்தில் சேர்ந்து விரியும், வெயிலில் சேர்ந்து சுருங்கும். கட்டுமரத்தைப் பாருங்கள். ஓர் ஆணி கிடையாது. வெறும் கயிற்றுக்கட்டு. கடலிலிருந்து வந்ததும் அவிழ்த்துக் காயப்போட்டுவிடுவார்கள்.

"எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்றேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு உளி?" என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. என் மாமியார்தான் கேட்டார்கள்!

பெண் குழாயடியில் கை கழுவ எட்டாமல் தவித்தாள். அதனால் அவள் ஏறி நிற்க ஒரு பெஞ்சு செய்வது என்று முடிவு. ஓர் அங்குல கனம், ஒன்பது அங்குல அகலத்தில் ஆறடிப் பலகை இருந்தால் போதும். பூவரசு, வேம்பு, வாகை எதுவானாலும் சரி, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது அண்ணாச்சி கணக்கு. பழைய வீடு இடித்த மரம் கிடைத்தால் விசேஷம். ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்ட் பூசிய மரத்தைக் குழந்தை இருக்கும் வீட்டில் சுரண்டவோ உப்புத்தாள் போடவோ கூடாது. அதில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தையின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின கதவு, ஜன்னல்களை நம்பக்கூடாது. பெயின்டே படாத மரமாகப் பார்த்து வாங்குங்கள்.

மேல் பலகை 24 அங்குலம். கால் பலகை இரண்டு, ஒவ்வொன்றும் பத்தேகால் அங்குல உயரம், எட்டு அங்குல அகலம். அடியில் அரைவட்டமாக வெட்டிவிட்டால் நான்கு கால் மாதிரி நிற்கும், ஷேக்கர் அழகும் வந்துவிடும். இரண்டு காலையும் இணைக்க மூன்று அங்குல அகலத்தில் பத்தொன்பதரை அங்குலக் குறுக்குச் சட்டம். கால் பலகையின் தலையில் ஒன்றேகால் அங்குல நீளத்துக்கு இரண்டு நாக்குகள் செதுக்கி, மேல் பலகையில் அதே அளவு துளை போட்டுச் செருக வேண்டும். துருத்தும் கால் அங்குலத்தைக் கடைசியில் இழைத்துவிடலாம். குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளும் இதே மாதிரி கால் பலகைகளுக்குள் போகும்.

ரகசியம் ஆப்பில் இருக்கிறது. (நம்ம ஊரில் 'ஆப்பு வைப்பது' என்றால் வேறு அர்த்தம், அது கிடக்கட்டும்!) நாக்கின் முனையில் ரம்பத்தால் ஒரு கீற்று போட்டுக்கொண்டு, செருகிய பின் அந்தக் கீற்றில் மெல்லிய மர ஆப்பை அடித்தால் நாக்கு விரிந்து இறுகிக்கொள்ளும். அந்தக் கீற்று, துளை போட்ட பலகையின் ரேகைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். ரேகையோடு போனால் ஆப்பு பலகையையே பிளந்துவிடும். எனக்குப் பிளந்தது. ஒரு மேல் பலகை போச்சு.

இன்னொரு தப்பும் செய்தேன். இடது கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் உளியைத் தள்ளினேன். வழுக்கிற்று. நான்கு தையல். பலகையை இறுக்கிக் கட்டிவிட்டு, இரண்டு கையையும் உளிமுனைக்குப் பின்னாலேயே வைத்திருக்க வேண்டும் என்று முதல் நாளே அண்ணாச்சி சொன்னதுதான். "இப்ப மறக்கமாட்டே" என்றார், அவ்வளவே. அதோடு, வேலை முடிந்ததும் உளியைக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

உப்புத்தாள் போட்டபின் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கால் மணி கழித்துத் துடைத்தேன். ஒரு வாரம் விட்டு மறுபடி ஒரு தடவை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது வாளித் தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

பெஞ்சு முடிய ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பெண் ஏறி நின்று தானே கை கழுவினாள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்!

அண்ணாச்சி வந்தார். கவிழ்த்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், தரையில் வைத்து ஒரு மூலையை அழுத்தினார். டொக்கென்று ஆடிற்று.

"தரை மேடு பள்ளம் அண்ணாச்சி" என்றேன்.

"தரை சரியாத்தான் இருக்கு. ஒரு கால் நூலளவு கட்டை" என்றவர், உளியை எடுத்து என் கையில் கொடுத்தார். "மத்த மூணையும் குறை. நான் இங்கனதான் இருக்கேன்."