நாலு கம்பியில் ஒரு பாடம்

மைக்ரோகன்ட்ரோலர் வாங்குவது மாணவர்களுக்குப் பெரிய செலவில்லை. சென்னை ரிச்சி தெருவிலோ மும்பை லாமிங்டன் சாலையிலோ கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சிக்கல் அதற்கடுத்த படியில் இருக்கிறது. கணினியில் எழுதிய நிரலை அந்தச் சிப்புக்குள் ஏற்ற புரோகிராமர் என்ற தனிக்கருவி வேண்டும். நிறுவனங்கள் விற்ற புரோகிராமர்களின் விலை சிப்பின் விலையைப்போல் பல மடங்கு. படிப்பதற்காக வாங்கும் பொருளைவிட அதைத் திறக்கும் சாவிக்குக் கூடுதல் விலை என்றால் யார் வாங்குவார்கள்?

பழைய கதை இதைவிட மோசம். இன்டெல் 1980இல் கொண்டுவந்த 8051 குடும்பத்தை நம் பொறியியல் கல்லூரிகள் நெடுங்காலமாக நடத்திவருகின்றன. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 8751 சிப்பின் மேல்புறம் ஒரு குவார்ட்ஸ் ஜன்னல் இருக்கும். நிரலில் ஒரு வரி தப்பினாலும் சிப்பைக் கழற்றி, புற ஊதா விளக்கின் அடியில் 20 நிமிடம் போல வைத்து அழித்து, மறுபடி எழுத வேண்டும். ஒரு பிழைக்கு அரைமணி நேரம் போகுமென்றால் துணிந்து எதையும் சோதித்துப் பார்க்கத் தோன்றாது.

இந்த நிலையை மாற்றியவற்றுள் ஒன்று, நார்வேயில் இரண்டு மாணவர்களின் வடிவமைப்பாகப் பிறந்து, 1990களின் பிற்பகுதியில் அட்மெல் நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வந்த ஏ.வி.ஆர். குடும்பம். சிப்பைப் பலகையிலிருந்து கழற்றாமலே நிரலை ஏற்றலாம். மோசி, மிசோ, எஸ்.சி.கே., ரீசெட் என்று நாலு கம்பி, கூடவே மின்சாரத்துக்கு இரண்டு.

அந்தக் கம்பிகளில் நடக்கும் உரையாடல் ஒன்றும் ரகசியமில்லை, டேட்டாஷீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. ரீசெட்டைத் தாழ்நிலையில் பிடித்ததும் சிப் தன் வேலையை நிறுத்திவிட்டு மற்ற கம்பிகளைக் கவனிக்கத் தொடங்கும். புரோகிராமர் ஹெக்ஸ் எண்களில் ஏ.சி., 53 என்று இரண்டு பைட் அனுப்பும். இணைப்பு சரியென்றால் மூன்றாவது பைட் போகும்போது சிப் அந்த 53ஐத் திருப்பிச் சொல்லும். பதில் வராவிட்டால் முதலில் கம்பிகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். அடுத்து சிப்பின் அடையாள எண்ணைக் கேட்கும். ஏ.வி.ஆர். குடும்பத்தின் ஏ.டி.மெகா8 சிப் என்றால் 1இ, 93, 07 என்று வரும். பிறகு பழைய நிரலை அழித்து, புதியதை 64 பைட் கொண்ட பக்கங்களாக எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். இப்படிப் பத்தாயிரம் முறை அழித்து எழுத அந்த ஃபிளாஷ் நினைவகம் தாங்கும்.

உரையாடல் இவ்வளவு எளிது என்பதால் கணினியின் பிரின்டர் போர்ட்டில் நாலைந்து ரெசிஸ்டர்களை வைத்தே பலர் புரோகிராமர் செய்துகொண்டார்கள். பிறகு லேப்டாப்கள் வந்தன, அந்த போர்ட் காணாமல் போனது. மிஞ்சியது யூ.எஸ்.பி. அதைப் பேசத் தனி வன்பொருள் கொண்ட சிப் வேண்டும். விலை மறுபடி ஏறியது.

இங்கேதான் எனக்குப் பிடித்த பொறியியல் குறும்பு வருகிறது. ஜெர்மனியின் தாமஸ் ஃபிஷல் வடிவமைத்த 'யூ.எஸ்.பி.ஏ.எஸ்.பி.' என்ற புரோகிராமரில் இருப்பது ஓர் ஏ.டி.மெகா8 அல்லது மெகா48, 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். ஏ.டி.மெகா8க்கு யூ.எஸ்.பி. தெரியாது. தெரியாத மொழியை மென்பொருளைக் கொண்டே பேச வைக்கிறார்கள். குறைவேக யூ.எஸ்.பி.யில் நொடிக்கு 15 லட்சம் பிட் வருகிறது. சிப்பின் கடிகாரமோ நொடிக்கு 120 லட்சம் துடிப்பு. வகுத்தால் ஒரு பிட்டுக்கு எட்டே துடிப்பு. அதற்குள் கம்பியைப் படித்து, முந்தைய நிலையிலிருந்து மாறியதா என்று பார்த்து, இடையில் செருகப்பட்ட உபரி பிட்டை நீக்கி, மிச்சத்தைச் சேமிக்க வேண்டும். வியன்னாவின் அப்ஜெக்டிவ் டெவலப்மென்ட் நிறுவனம் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணி அசெம்பிளி மொழியில் எழுதிய 'வி-யூ.எஸ்.பி.' நிரல் இதைச் செய்கிறது. வந்த தகவல் பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்க்க 12 மெகாஹெர்ட்ஸில் நேரம் மிஞ்சாது, அதை விட்டுவிட்டார்கள். நடைமுறையில் ஓடுகிறது!

ஒவ்வொரு யூ.எஸ்.பி. கருவிக்கும் ஒரு தயாரிப்பாளர் எண் வேண்டும், அதை வாங்க ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும். வி-யூ.எஸ்.பி.யைப் பயன்படுத்துவோர் பொதுவான எண்களை இலவசமாகப் பகிர்ந்துகொள்ளலாம். பாகங்கள் எல்லாம் துளையில் செருகிப் பற்றவைக்கும் வகையில் கிடைக்கின்றன, சுற்றுப்படமும் திறந்த உரிமத்தில் இருக்கிறது. அதனால்தான் இன்று இதன் நகல்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை: பல நகல்களில் 3.3 வோல்ட் ஜம்பர் மின்சாரத்தை மட்டும்தான் மாற்றும், சமிக்ஞைக் கம்பிகளில் 5 வோல்ட்டே ஓடும். 3.3 வோல்ட் சென்சார் இணைந்த பலகையில் இது ஆபத்து.

மாணவருக்கான பயிற்சிப் பலகையை வடிவமைப்பவர் காசை எங்கே மிச்சம்பிடிப்பது? நெம்புகோல் வைத்த விலையுயர்ந்த சாக்கெட்டை விட்டுவிடலாம், சாதாரண 28 பின் சாக்கெட் போதும். எல்.சி.டி. திரையும் முதல் மாதத்தில் வேண்டாம். எல்.இ.டி., பொத்தான், பொட்டென்ஷியோமீட்டர், ஒளியுணர் மின்தடை, பஸ்ஸர் ஆகியவற்றிலேயே ஒரு பருவம் ஓடும். ஆனால் சிப்பின் காலருகே வைக்கும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரையும், 500 மில்லியாம்பியரில் தடுத்துப் பின் தானே மீளும் ஃபியூஸையும் கைவிடக் கூடாது. மாணவர் தப்பாக வயர் போடத்தான் போகிறார். அப்போது பலியாவது சிப் என்றால் பரவாயில்லை, வீட்டில் கடன்பட்டு வாங்கிய லேப்டாப்பாக இருக்கக் கூடாது. நிரல் ஏற்றும் கம்பிகளில் மோட்டார் போன்ற சுமைகளை மாட்டாமலும் இருக்க வேண்டும்.

புதியவர்களை அதிகம் கலங்கடிப்பது சிப்புக்குள் அதன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ஃபியூஸ் பிட்டுகள். சிப் எந்தக் கடிகாரத்தில் ஓட வேண்டும் என்பதையும் இவைதான் தீர்மானிக்கின்றன. கிரிஸ்டல் இல்லாத பலகையில் 'வெளிக் கிரிஸ்டல்' என்று எழுதிவிட்டால் சிப் மூச்சுவிடாது. செத்துவிட்டது என்று குப்பையில் போடுவார்கள். எக்ஸ்டால்1 என்ற பின்னில் வெளியிலிருந்து ஒரு சதுர அலையைக் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நல்ல பலகையில் இதற்கென ஒரு பின் விட்டிருக்க வேண்டும். ரீசெட் பின்னையே அணைத்துவிட்டால்தான் வம்பு, மீட்க 12 வோல்ட் தேவைப்படும்.

பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு பாடு வேண்டுமா? வேண்டாம். 2016இல் பிரிட்டனில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் சுமார் பத்து லட்சம் பேருக்கு வழங்கப்பட்ட பி.பி.சி. மைக்ரோபிட், கணினியில் பென்டிரைவாகத் தெரியும். கோப்பை இழுத்துப் போட்டால் நிரல் ஏறிவிடும். 2021இல் நாலு டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவும் அப்படியே. அதன் நிரலேற்றி அழிக்க முடியாத நினைவகத்தில் இருப்பதால் பிள்ளைகள் கெடுக்கவும் முடியாது. விண்டோஸில் டிரைவரைத் தேடி யூ.எஸ்.பி.ஏ.எஸ்.பி.யுடன் மல்லுக்கட்டிய ஆசிரியருக்கு இதன் அருமை புரியும். ஆனால் மின்னணுவியல் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருமுறையாவது அந்த 53 திரும்பி வருவதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

நீங்களே செய்ய இறங்கினால் ஒரு முடிச்சு உண்டு: புரோகிராமருக்குள் இருக்கும் ஏ.டி.மெகா8க்கு முதல் நிரலை ஏற்றவும் ஒரு புரோகிராமர் வேண்டும். வகுப்பில் ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை இருந்தால் அதில் 'ஆர்டுயினோ ஐ.எஸ்.பி.' நிரலை ஏற்றி, ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை நேர்முனை ரீசெட் பக்கமாக வைத்தால் அதுவே அந்த வேலையைச் செய்துவிடும். அப்போதே ஃபியூஸ் பிட்டுகளையும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு மாற்றிவிடுங்கள். மறந்தால் சிப் தன் உள் கடிகாரத்தில் 1 மெகாஹெர்ட்ஸிலேயே ஓடும், கணினி அதை அடையாளமே காணாது.