சளிக்குப் பின் வரும் முகவாதம்

சளியும் இருமலும் விட்டுச் சில நாட்களே ஆகியிருக்கும். காலையில் வாய் கொப்பளிக்கும் சிறுமிக்கு ஒரு வாயோரம் தண்ணீர் ஒழுகும். சிரித்தால் முகம் கோணும். ஒரு கண் மூட மறுக்கும். வீட்டார் பதறுவர். "காற்றுப் பட்டது" என்பார் ஒருவர். "கண்ணேறு" என்பார் மற்றவர். பக்கவாதமோ என்று பெற்றோர் கலங்குவர்.

மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளுள் ஏழாவதே நம் முகத் தசைகளை இயக்குகிறது. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சார்லஸ் பெல் (1774-1842) இதனை ஆராய்ந்தார். ஆகவே, காரணம் இன்னதென்று தெளியாத முகவாதத்தைப் 'பெல் வாதம்' என்கின்றனர். (பள்ளி மணிக்கும் இதற்கும் தொடர்பில்லை!)

காதையொட்டிய எலும்பினுள், ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒடுக்கமான பாதையில் இந்நரம்பு வளைந்து செல்கிறது. நோய்க்கிருமியால் நரம்பு வீங்கினால் எலும்பு இடங்கொடுக்குமா? நரம்பு நெரிபடுகிறது, மூளையின் கட்டளை தசையை எட்டுவதில்லை. நாவின் முன்பகுதிச் சுவையும் இவ்வழியே செல்வதால், "சோறு சப்பென்றிருக்கிறது" என்று குழந்தை சொல்வதும் உண்டு.

மூளையில் நேரும் பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். முகவாதத்தில் அப்பக்கத்து நெற்றியும் சுருங்காது. எனினும் இதைத் தீர்மானிப்பது மருத்துவரே. அன்றே அவரிடம் செல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறுவர்க்குக் குட்டையானது, சாய்வும் குறைவு. சளி எளிதில் காதுக்கு ஏறிச் சீழ் பிடித்தால், அருகிலுள்ள நரம்பு தாக்கப்படும். அதற்குச் சிகிச்சையே வேறு: கிருமிக்கொல்லி மருந்து, சில வேளை செவிப்பறையில் சிறு கீறல். காதைப் பார்க்காமல் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது விபரீதம்.

அடுத்தது கண். இமை மூடாவிடில் கருவிழி உலர்ந்து புண்ணாகும், பார்வையே கெடலாம். பகலில் சொட்டு மருந்தும், இரவில் களிம்பிட்டு இமையை ஒட்டி மூடுவதும் அவசியம்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பெல் வாதம் கண்ட 187 சிறுவரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியாயிற்று. ஒரு மாதத்தில் ஏறத்தாழப் பாதிப்பேரும், ஆறு மாதத்தில் மிகப் பெரும்பாலோரும் தேறினர். பிரெட்னிசோலோன் மருந்து முதல் மாதத்தில் தெளிவான பலன் காட்டவில்லை.

தேறும் வரை உணவு அப்பக்கத்துக் கன்னத்தில் தங்கும். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும். முகவாதம் தொட்டால் ஒட்டுவதன்று. அவள் நம் பக்கத்திலேயே அமர்ந்து பாடம் படிக்கலாம்.