சூதாட்டப் படங்களும் நம் கல்லாப்பெட்டியும்

சினிமா விமர்சனம் எழுதுவது நம் இதழின் வேலை அல்ல. சரக்கு விலை நிலவரத்துக்கும் வரி விளக்கங்களுக்கும் நடுவே இப்படியொரு தலைப்பைக் கண்டு உறுப்பினர்கள் சிலர் முகம் சுளிக்கவும் கூடும். ஆனால் சீட்டாட்டம், காசினோ, மோசடிப் பேர்வழிகள் ஆகியவற்றை வைத்து உலகெங்கும் எடுக்கப்பட்டு வெற்றி கண்ட படங்களை ஒரு வியாபாரியின் கண்கொண்டு பார்த்தால், அவற்றில் பலவும் நம் தொழிலைப் பற்றியவையே என்பது விளங்கும். ரசிகர்கள் கதாநாயகன் பக்கம் நின்று கை தட்டுகிறார்கள். நாம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள். அவன் ஏமாற்றிச் சிரிக்கும் காட்சியில், ஏமாந்து நிற்கிற கடைக்காரரின் முகம்தான் நமக்குத் தெரிகிறது.

சில்லறை விஷயத்திலிருந்தே தொடங்குவோம். 2000ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவில் 'நைன் குவீன்ஸ்' என்ற பெயரில் அறியப்படும் ஒரு படம் வந்தது. இயக்குநர் ஃபாபியான் பியலின்ஸ்கி. படம் தொடங்குவதே பெட்ரோல் பங்க்கை ஒட்டிய ஒரு சிறு கடையில்தான். ஓர் இளைஞன் சாமான் வாங்குகிறான். நோட்டைக் கொடுக்கிறான், மாற்றுகிறான், மறுபடியும் மாற்றுகிறான். கல்லாவில் இருக்கும் பெண் குழம்பிப்போய்க் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறாள். அதே கடையில் ஆள் மாறியதும் மறுபடி முயன்று அகப்பட்டுக்கொள்கிறான். 1973ல் வந்த 'பேப்பர் மூன்' என்ற அமெரிக்கப் படத்திலும் இதே வித்தை உண்டு. 1930களின் பஞ்ச காலத்தில் கான்சாஸ் பக்கம் ஊர் ஊராகச் சுற்றி, கணவனை இழந்த பெண்களிடம் பைபிள் விற்று ஏமாற்றும் ஒருவனும், அவனோடு ஒட்டிக்கொள்ளும் ஒன்பது வயதுச் சிறுமியும் கதை மாந்தர்கள். அந்தச் சிறுமியாக நடித்த டாட்டம் ஓ'நீல் தமது பத்தாவது வயதில் ஆஸ்கர் பரிசு பெற்றார்.

இந்தச் சில்லறை வித்தையை நம்மூர்க் கணக்கில் சொன்னால் இப்படி இருக்கும். ஒருவர் 10 ரூபாய் சோப்பு வாங்கி 100 ரூபாய்த் தாளை நீட்டுகிறார். 90 ரூபாய் மீதி கொடுக்கிறோம். "எனக்கு எதற்கு இவ்வளவு சில்லறை? உங்களுக்குத்தான் உதவும். இதை வைத்துக்கொண்டு என் நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துவிடுங்கள்" என்று சில்லறையைச் சுருட்டி நீட்டுகிறார். தாளைக் கொடுத்துவிட்டு எண்ணினால் 90தான் இருக்கிறது. "அடடா, பத்து குறையுதா? இந்தாங்க பத்து" என்கிறார். அந்தப் பத்து நம் கைக்கு வரும்போதே, "சரி, இந்த நூறையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் இருநூறு ஆச்சு. ஒரே இருநூறு ரூபாய்த் தாளாகக் கொடுத்துவிடுங்களேன்" என்கிறார். பின்னால் நான்கு பேர் பொட்டலத்துக்குக் காத்திருக்கிறார்கள். கொடுத்துவிடுகிறோம். இரவு விற்பனையோடு ஒத்துப் பார்த்தால் கல்லாவில் 100 ரூபாய் குறையும். காரணம் எளிது. நம் கையில் இருந்த தொண்ணூறும் பத்தும் ஏற்கெனவே அந்த நூறு ரூபாய்த் தாளுக்கு ஈடாகிவிட்டது. அது நம் பணம். அதையே இரண்டாம் முறை அவருடைய பணமாக வைத்து எண்ணிவிட்டோம்.

'பேப்பர் மூன்' சிறுமி செய்யும் இன்னொரு வேலை இதைவிடப் பொல்லாதது. முதலில் கூட்டாளி ஒரு 20 டாலர் நோட்டைக் கடையில் மாற்றிவிட்டுப் போவான். அந்த நோட்டில் பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருக்கும். சற்று நேரம் கழித்துச் சிறுமி வந்து 5 டாலர் நோட்டைக் கொடுத்துச் சாமான் வாங்குவாள். மீதி கொடுத்ததும், "நான் கொடுத்தது இருபது டாலர். என் அத்தை கொடுத்தது, அதில் வாழ்த்து எழுதியிருக்கிறது" என்று அழத் தொடங்குவாள். கல்லாவைத் திறந்தால் அந்த நோட்டு அங்கேயே இருக்கும்! பாவம், கடைக்காரர் என்ன செய்வார்? நம் ஊர்களில் பழைய கடைக்காரர்கள் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. வாங்கிய தாளை உடனே கல்லாவுக்குள் போடமாட்டார்கள். பலகையின் மேலேயே வைத்து, மீதியை எண்ணிக் கொடுத்து, வந்தவர் தலையசைத்த பிறகே உள்ளே தள்ளுவார்கள். அந்த ஒரு வழக்கம் இருந்தால் இந்தச் சிறுமியின் அழுகை எடுபடாது. சிப்பந்திகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அரை நிமிடம் போதும்.

இப்போது கைப்பேசி வழியாகப் பணம் வருகிறதே, சில்லறைக்கு எங்கே வேலை என்று கேட்பீர்கள். பணம் அனுப்பியதுபோல் திரையைக் காட்டிவிட்டு நகர்பவர்களும், நம் கடையின் க்யூ.ஆர். அட்டைமேல் தங்கள் அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் இந்தச் சிறுமியின் வாரிசுகள்தான். கருவி மாறியது, அவசரப்படுத்தும் வித்தை மாறவில்லை.

அடுத்து, பெரிய கல்லாவுக்கு வருவோம். மார்ட்டின் ஸ்கார்செசி 1995ல் எடுத்த 'காசினோ', 1970களின் லாஸ் வேகாஸ் நகரைக் காட்டுகிறது. நிக்கலஸ் பிலெஜ்ஜி எழுதிய உண்மை வரலாற்றை அடிப்படையாகக் கொண்டது. படத்தில் ராபர்ட் டி நீரோ ஏற்ற ராத்ஸ்டீன் என்ற பாத்திரத்தின் மூலம், ஸ்டார்டஸ்ட் என்ற காசினோவை நடத்திய ஃபிராங்க் ரோசன்தால். அந்த ஸ்டார்டஸ்ட் 2006ல் மூடப்பட்டு 2007ல் இடிக்கப்பட்டது. இந்தப் படத்தைப் பலர் அடிதடிக்காகப் பார்த்தார்கள். நாம் பார்க்க வேண்டியது அதன் முதல் ஒரு மணி நேரத்தை. ஒரு பெரிய வியாபார நிறுவனம் எப்படி நடக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படம் நமக்குத் தெரிந்து வேறில்லை.

சீட்டுப் பிரிப்பவர் ஆட வந்தவரைக் கவனிக்கிறார். பிரிப்பவரை ஒரு மேற்பார்வையாளர் கவனிக்கிறார். அவரை இன்னொருவர், இன்னொருவரை மற்றொருவர் என்று ஏணிபோல் போய், எல்லோரையும் கூரையில் உள்ள கண்காணிப்பு கவனிக்கிறது. ராத்ஸ்டீன் சமையற்கட்டுக்கே போய், ஒரு கேக்கில் பழம் நிறைய இருக்கிறது, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை, எல்லாவற்றிலும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்று சண்டை பிடிக்கிறான். திரையரங்கில் இந்தக் காட்சிக்குச் சிரிப்பார்கள். மிட்டாய்க்கடை நடத்தும் நம் உறுப்பினர்கள் சிரிக்கமாட்டார்கள்.

அடுத்தடுத்து மூன்று இயந்திரங்களில் பெரிய பரிசு விழுகிறது. தற்செயலாக அப்படி விழ வாய்ப்பே இல்லை என்று கணக்குப் போட்டு, அந்தப் பிரிவின் பொறுப்பாளரை உடனே வேலையை விட்டு நீக்குகிறான். அந்த ஆளோ ஊர்ப் பெரிய மனிதரின் உறவினர், சிபாரிசில் வந்தவர். அந்தப் பெரிய மனிதர் வந்து கேட்டும் ராத்ஸ்டீன் மசியவில்லை. பிறகு உரிமம் கேட்டுப் போனபோது கதவு அடைக்கப்படுகிறது. சிபாரிசுப் பேர்வழியை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்ற இந்தத் தலைவலிக்கு லாஸ் வேகாஸ் வரை போக வேண்டியதில்லை.

காசினோவின் லாபம் எப்படி வருகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். அமெரிக்க ரூலட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்களும், பூஜ்யமும் இரட்டைப் பூஜ்யமும் சேர்ந்து மொத்தம் 38 குழிகள். ஓர் எண்ணில் கட்டி வென்றால் ஒன்றுக்கு 35 தருவார்கள். 38 குழிக்கும் ஆளுக்கொரு ரூபாய் கட்டினால் வசூல் 38. வென்றவருக்கு அவர் ரூபாயோடு சேர்த்துப் போவது 36. மீதி 2 ரூபாய் கடைக்கு. அதாவது புரளும் தொகையில் நூற்றுக்கு 5.26. ஐரோப்பியச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யம் இல்லாததால் 2.70தான். 'வெறும் ஐந்து சதவீதம்தானா' என்று நினைக்கக் கூடாது. 1,000 ரூபாயோடு வந்தவர் சுற்றுக்கு 100 வீதம், மணிக்கு 40 சுற்று ஆடினால் மணிக்கு 4,000 ரூபாய் புரள்கிறது. மூன்று மணி நேரத்தில் 12,000. அதில் கடையின் பங்கு சராசரியாக 630 ரூபாய்! சரக்கு இல்லை, சேதாரம் இல்லை, கடன் பாக்கி இல்லை. ஆகவே அங்கே ஏமாற்று வேலைக்கு அவசியமே கிடையாது. ஆட வந்தவர் எழுந்து போகாமல் இருந்தால் போதும். படத்தில் ஒரு ஜப்பானியப் பணக்காரர் இருபது லட்சம் டாலர் வென்று கிளம்புகிறார். விமானம் பழுது என்று பொய் சொல்லித் திரும்பக் கூட்டி வருகிறார்கள். முதலில் சிறிதாகக் கட்டுகிறார். பிறகு கை நீளுகிறது. வென்றதையும் விட்டு, தம் சொந்தப் பணம் பத்து லட்சத்தையும் விட்டுப் போகிறார்.

இவ்வளவு உறுதியான வியாபாரம் ஏன் கெட்டது? அங்கேதான் நமக்குப் பாடமே இருக்கிறது. பணம் எண்ணும் அறைக்குள் மேலாளர்கூட நுழையக் கூடாது. ஆனால் மறைவு முதலாளிகளின் ஆள் ஒருவன் பெட்டியோடு சர்வ சாதாரணமாக நுழைந்து, கணக்கில் ஏறுமுன்பே கட்டுக்கட்டாக எடுத்துப் போகிறான். வரியும் இல்லை, ஏடும் இல்லை. சில நாளில் பெட்டியின் கனம் குறைகிறது. என்னவென்றால், எடுக்கிறவர்களும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்கள்! ஏட்டில் ஏறாத பணத்தைத் திருடினால் முதலாளி எந்த ஏட்டைக் காட்டிக் கேட்பார்? கண்காணிக்க ஒருவரை நியமிக்கிறார்கள். அவருக்கோ வழிச்செலவைத் திருப்பித் தருவதில்லை. அவர் கோபத்தில் ஒவ்வொரு செலவையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறார். மளிகைக் கடையில் உட்கார்ந்து வாய்விட்டுப் புலம்புகிறார். வேறொரு வழக்குக்காக அந்தக் கடையில் போலீசார் ஒலிவாங்கி மறைத்து வைத்திருந்தார்கள். கதை முடிந்தது. உண்மை நிகழ்வில் ஒலிவாங்கி இருந்தது கான்சாஸ் நகரத்து உணவகம் ஒன்றில், ஆண்டு 1978.

'தி ஸ்டிங்' (1973) இதற்கு நேர்மாறு, சிரித்துக்கொண்டே பார்க்கலாம். கதை நடப்பது 1936ல், சிகாகோவில். பால் நியூமனும் ராபர்ட் ரெட்ஃபோர்டும் ஒரு பெரும்புள்ளியை ஏமாற்றுவதற்காகக் குதிரைப் பந்தயக் கடை ஒன்றையே உருவாக்குகிறார்கள். கடை பொய், கணக்கர் பொய், பரபரப்பாகப் பணம் கட்டும் வாடிக்கையாளர் அத்தனை பேரும் கூலிக்கு வந்தவர்கள். கூட்டம் இருக்கும் கடைக்குத்தான் கூட்டம் வரும் என்பது நாம் அறிந்ததுதானே! ஏமாறுபவருக்கு முதலில் ஜெயிக்கக் கொடுத்து, பிறகு ஐந்து லட்சம் டாலரைக் கொண்டுவர வைக்கிறார்கள். ஏழு ஆஸ்கர் பரிசுகள் வாங்கிய படம்.

தமிழில் 'மங்காத்தா' (2011) கிரிக்கெட் பந்தயப் பணத்தைச் சுற்றிய கதைதான் என்றாலும், நம் இதழுக்கு நெருக்கமானது 2014ல் எச். வினோத் இயக்கிய 'சதுரங்க வேட்டை'. அதில் முதலில் ஏமாறுபவரே ஒரு வசதியான வணிகர். மண்ணுளிப் பாம்புக்குக் கோடிக்கணக்கில் விலை என்று சொல்லி அவர் தலையில் கட்டுகிறார்கள். பிறகு தங்கச் சங்கிலித்தொடர் வியாபாரம், கோயில் கலசம் என்று நீள்கிறது. ஆசையைத் தூண்டாமல் யாரையும் ஏமாற்ற முடியாது என்பதை அந்தப் படம் ஒளிவு மறைவின்றிக் காட்டியது.

1961ல் வந்த 'தி ஹஸ்லர்' பில்லியர்ட்ஸ் மேசையில் பணம் பார்க்கும் எடி என்பவனின் கதை. முதல் காட்சியில் அவனும் கூட்டாளியும் மருந்துக்கடைச் சரக்கு விற்கும் பயண விற்பனையாளர்கள் என்று சொல்லிக்கொண்டு ஒரு விடுதிக்குள் நுழைகிறார்கள். பாவம், விற்பனைப் பிரதிநிதி என்றால் யாரும் சந்தேகப்படுவதில்லை போலும். நமக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, தோற்று நிற்கும் எடிக்கு முதல் போட வரும் ஒருவன் கேட்கும் பங்கு: வெற்றியில் 75 சதவீதம்! எடி முதலில் மறுக்கிறான். கையொடிந்த பிறகு ஒப்புக்கொள்கிறான். கந்துவட்டிக்காரரின் வாசலில் நிற்கும் சிறு வியாபாரியின் நிலை இதுதான். மறுக்கும் நாள் ஒன்று, ஒப்புக்கொள்ளும் நாள் வேறு.

கடைசியாக, வியாபாரியே சூதாடியாக இருக்கும் ஒரு படம். 2019ல் சாஃப்டி சகோதரர்கள் எடுத்த 'அன்கட் ஜெம்ஸ்'. நியூயார்க் வைரக் கடைத்தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் ஹோவர்டாக ஆடம் சாண்ட்லர் நடித்திருக்கிறார். கெட்டிக்கார வியாபாரி. சரக்கு தெரியும், பேசத் தெரியும். ஆனால் தலைக்குமேல் பந்தயக் கடன். எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஓபல் கல் ஒன்றைப் பார்க்க வரும் கூடைப்பந்து வீரர் கெவின் கார்னெட் (அவரே நடித்திருக்கிறார்) அதை ஒருநாள் வைத்திருக்கக் கேட்டு, ஈடாகத் தம் வெற்றி மோதிரத்தைக் கொடுத்துப் போகிறார். அவர் வாசலைத் தாண்டியதும் ஹோவர்ட் என்ன செய்கிறான்? அந்த மோதிரத்தை அடகுக்கடையில் வைத்து, வந்த பணத்தைப் பந்தயத்தில் கட்டுகிறான்!

நம்மில் எவரும் இதைக் கண்டு பதறுவோம். ஆனால் மண்டிக்குச் செலுத்த வேண்டிய தொகை வெள்ளிக்கிழமை வரை கையில் இருக்கிறது, அதற்குள் ஒரு சுற்று ஆடிவிடலாம் என்று நினைப்பதும் அதே காரியம்தான். அடுத்தவர் பணம் நம் கல்லாவில் தங்கியிருப்பதுதான் வியாபாரத்தின் இயல்பு. தமிழ்நாட்டில் லாட்டரி 2003ல் தடை செய்யப்பட்டது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதற்கு முன்பே கைப்பேசி ரம்மியில் முதலைத் தொலைத்தவர்களில் கடை வைத்திருந்தவர்களும் உண்டு என்பதை நம் கூட்டங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் இரண்டொருவரையாவது கைதூக்கி விட்டிருக்கலாம்.

ஹோவர்டின் கடையில் இரட்டைக் கதவு. பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். அதுவும் அடிக்கடி மக்கர் செய்யும். இறுதியில் கடன் கேட்டு வந்தவர்களை இரண்டு கதவுக்கும் நடுவே அடைத்து வைத்துவிட்டு, அவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தையே பந்தயத்தில் கட்டி, தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்க்கிறான். ஜெயித்தும் விடுகிறான். பெரும் தொகை. மகிழ்ச்சியோடு கதவைத் திறந்துவிடுகிறான். உள்ளே வந்தவர்களில் ஒருவன் அவனைச் சுட்டுவிட்டு, கண்ணாடிப் பெட்டிகளை உடைத்துச் சரக்கை வாரிக்கொள்கிறான்.

இவற்றில் 'பேப்பர் மூன்', 'தி ஸ்டிங்' இரண்டையும் கடையடைத்த பிறகு வீட்டாரோடு பார்க்கலாம். சிப்பந்திகளுக்கும் போட்டுக் காட்டலாம். 'காசினோ', 'அன்கட் ஜெம்ஸ்' இரண்டிலும் வசைச்சொல்லும் ரத்தமும் மிகுதி. பிள்ளைகள் தூங்கிய பிறகு பார்ப்பது நலம்.