படியேறிய பியானோ

ஒரு பியானோவைப் படியேற்றுவதை மட்டுமே வைத்து அரை மணி நேரம் சிரிக்க வைக்க முடியுமா?

நகைச்சுவை இரட்டையர் லாரலும் ஹார்டியும் செய்து காட்டினார்கள், 1932-இல் வந்த ‘தி மியூசிக் பாக்ஸ்’ குறும்படத்தில். லாஸ் ஏஞ்சல்ஸில் குன்றின் மேல் ஒரு வீடு. நூற்றுக்கும் அதிகமான படிகள். பியானோப் பெட்டி கைநழுவித் தடதடவென்று கீழே ஓடும்; உள்ளே தந்திகள் வேறு ‘டொய்ங்’ என்று முனகும். பேசும்படம் வந்த புதிதில் அந்தச் சத்தமே பாதி நகைச்சுவை!

ஒருவழியாக மேலே போனதும், வண்டிப்பாதை ஒன்று இருப்பதைத் தபால்காரர் ஒருவர் சொல்கிறார். அவ்வளவுதான். பெட்டியை மறுபடி கீழே இறக்கி, அந்தப் பாதையில் கொண்டுவருகிறார்கள்!

நகைச்சுவைக் குறும்படத்துக்கென முதன்முதலில் தந்த ஆஸ்கர் விருது இதற்குத்தான். லாஸ் ஏஞ்சல்ஸின் சில்வர் லேக் பகுதியில் அந்தப் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. தெருப்பலகையில் படத்தின் பெயரோடு.