தொழுகைக்கு முன் தீர்க்க வேண்டிய கடன்

நோன்புப் பெருநாள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, திடலில் வரிசையாக நின்று தொழும் மக்களும், நண்பகலில் நண்பர்கள் வீட்டிலிருந்து வரும் பிரியாணியும்தான். ஆனால், அந்தத் தொழுகைக்கு முன்பாகவே முடிந்துவிட வேண்டிய ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. அதன் பெயர் ஃபித்ரா. தமிழில் இப்பெருநாளுக்கு 'ஈகைத் திருநாள்' என்ற பெயர் பொருந்துவதும் அதனால்தான்.

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில், ரமலான் நோன்பு கடமையாக்கப்பட்டபோதே ஃபித்ராவும் கடமையானது. குடும்பத் தலைவர் தமக்காகவும், தம் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் அவ்வூரின் முதன்மை உணவுப் பொருளில் ஒரு 'ஸாவு' அளவு வழங்க வேண்டும். இன்றைய கணக்கில் தலைக்குச் சுமார் இரண்டரை முதல் மூன்று கிலோ அரிசி. கைக்குழந்தைக்கும் உண்டு. தமிழகக் கடற்கரை ஊர்களில் மிகுதியாக உள்ள ஷாஃபி மத்ஹபினர் தானியமாகவே கொடுப்பர். உள்மாவட்டங்களில் மிகுதியாக உள்ள ஹனஃபி மத்ஹபினர் அதன் விலையைப் பணமாகவும் கொடுப்பர்.

வருமானத்தின் மீதும் சேமிப்பின் மீதும் விதிக்கப்படும் கடமைகளையே பொருளியல் வகுப்புகளில் அதிகம் பேசியிருக்கிறேன். ஃபித்ரா தலையெண்ணிக்கையின் மீது விதிக்கப்படுவது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் பன்னிரண்டரை கிலோ அரிசி. கிலோ 60 ரூபாய் எனக் கொண்டால் 750 ரூபாய். தலைவரி ஏழையைத்தான் அதிகம் அழுத்தும் என்பது பாடநூல் விதி. இங்கோ, பெருநாளன்று தன் குடும்பத்தின் தேவைக்குப் போக மிச்சமில்லாதவர் மீது கடமையே இல்லை. மிச்சமிருந்தால், ஷாஃபி சட்டப்படி, பெறுகின்றவரும் கொடுக்க வேண்டும்.

இதை நான் நூலில் படிக்கும் முன்பே வீட்டில் பார்த்தேன். தந்தை மறைந்த ஆண்டு, பிறை தெரிந்த இரவில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் யாரோ அரிசி கொண்டுவந்து வைத்தார்கள். உம்மா அதிலிருந்தே எங்கள் நான்கு பேருக்கும் உரியதை அளந்து, அடுத்த தெருவில் தனித்திருந்த மூதாட்டிக்கு அனுப்பினார். "நமக்கே வந்ததுதானே உம்மா?" என்றேன். "நாளைக்கு நமக்குச் சோறு இருக்குல்ல? அப்ப நாமளும் கொடுக்கணும்" என்றார்.

பெருநாள் தொழுகையின் அமைப்பே இந்த ஈகைக்கு இடம் விட்டுத்தான் அமைந்திருக்கிறது. சூரியன் உதித்து மேலெழுந்த பின் அதன் நேரம் தொடங்குகிறது. பாங்கு இல்லை, இகாமத்தும் இல்லை. இரண்டே ரக்அத்துகள். ஷாஃபி முறையில் முதல் ரக்அத்தில் ஏழும் இரண்டாவதில் ஐந்தும், ஹனஃபி முறையில் ரக்அத்துக்கு மூன்றுமாகக் கூடுதல் தக்பீர்கள் சொல்லப்படும். வெள்ளிக்கிழமைகளில் உரைக்குப் பின் தொழுகை. பெருநாளில் தொழுகைக்குப் பின் உரை.

நோன்புப் பெருநாள் தொழுகையைச் சற்றுத் தாமதித்தும், ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையைச் சற்று முன்னதாகவும் நடத்துவது விரும்பத்தக்கது என்பர் சட்ட அறிஞர்கள். முன்னதில், ஃபித்ரா கொடுத்து முடிக்க அவகாசம் வேண்டும். பின்னதில், தொழுகைக்குப் பிறகுதான் குர்பானி. அதற்கு முன் அறுத்தால் அது குர்பானியாகாது. இரு நாள்களிலும் ஏழையின் பங்கை ஒட்டியே கடிகாரம் நகர்கிறது.

தொழுகைக்குப் பின் கொடுத்தால், அது ஃபித்ராவாக அன்றி மற்றத் தருமங்களில் ஒன்றாகவே அமையும் என்பது நபிமொழியின் கருத்து. காலம் தவறிய உதவி, அளவில் குறையாவிட்டாலும் பயனில் குறைந்துவிடும் என்பதைப் பொருளியலும் ஒப்புக்கொள்ளும்.

ஆனால், நடைமுறையில் என்ன காண்கிறோம்? பிறை அறிவிப்பு வந்த பிறகே பலருக்கு ஃபித்ரா நினைவு வருகிறது. திடலின் வாசலில் அவசரமாக நீட்டப்படும் பணம், அன்று காலை எந்த அடுப்பையும் எரிய வைப்பதில்லை. அறிந்த முகங்களுக்கே அரிசி மீண்டும் மீண்டும் செல்வதால், சில வீடுகளில் அது குவிந்து, பாதி விலைக்குக் கடைக்கே திரும்புகிறது. கேட்கக் கூச்சப்படுபவரின் வீட்டுக்கு எதுவும் செல்வதில்லை.

இதற்குப் புதிய விதி எதுவும் தேவையில்லை. ரமலானின் தொடக்கத்திலிருந்தே ஃபித்ராவை முன்கூட்டிக் கொடுக்க இரு மத்ஹபுகளிலும் அனுமதி உண்டு. ஜமாஅத்துகள் நோன்பின் பாதியிலேயே தெருவாரியாகப் பட்டியல் எடுத்து, திரட்டி, பிறை தெரிவதற்கு முன்பே வீடு சேர்த்துவிடலாம். சிலவற்றில் இது ஏற்கெனவே நடக்கிறது. எல்லாவற்றிலும் நடக்க வேண்டும்.

திடலில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதைச் சமத்துவத்தின் அடையாளமாகப் போற்றுகிறோம். பக்கத்தில் நிற்பவரின் வீட்டில் அன்று உலை வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை, தக்பீர் கட்டுவதற்கு முன்பே நாம் அறிந்திருக்க வேண்டும்.