வேன் கூரையில் ஒரு வரவு செலவுக் கணக்கு

மாசக் கடைசியில் பால்காரர் வந்து நிற்கும்போது, டப்பாவில் காசில்லாமல் விழித்த அனுபவம் நம்மில் யாருக்குத்தான் இல்லை? ஆஸ்திரேலியாவில் ஒரு வேனுக்குள்ளே எனக்கும் அதே கதி ஏற்பட்டது. தீர்ந்துபோனது காசல்ல, கரண்டு!

என் தம்பி மெல்போர்னில் இருக்கிறான். ஏப்ரல் மாதம் அம்மாவையும் என்னையும் வரவழைத்திருந்தான். படுக்கை, காஸ் அடுப்பு, குட்டி ஃபிரிஜ் எல்லாம் வைத்த வேன் ஒன்று அவனிடம் உண்டு. கூரையில் 100 வாட் சோலார் பலகை. உள்ளே 100 ஆம்பியர்-ஹவர் பாட்டரி, நம் வீட்டு இன்வர்ட்டரில் இருக்கிற ஜாதிதான்.

கிரேட் ஓஷன் ரோடு வழியாகப் போய், அப்போலோ பே பக்கம் தைலமரங்களுக்கு அடியில் வண்டியை நிறுத்தினோம். இங்கே ஏப்ரல் என்றால் வெயில் கொளுத்தும். அங்கேயோ இலையுதிர் காலம். இரண்டு நாளும் மேகமூட்டம். வண்டி ஓடினாலாவது என்ஜினிலிருந்து சார்ஜ் ஏறும். நாங்களோ இடத்தை விட்டு நகரவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி திடீரென்று விழிப்பு வந்தது. ஃபிரிஜ் சத்தத்தைக் காணோம்! உள்ளே அம்மாவின் இன்சுலின். என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

விடிந்ததும் மருந்துக்கடைக்கு ஓடினோம். "பயப்படாதீர்கள், குளிர்ந்த ராத்திரிதானே, கெட்டிருக்காது" என்றார் அங்கிருந்த பெண்மணி. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. வெளியே எடுத்துவிட்டால், பெரும்பாலான வகைகளை அறைச் சூட்டில் சுமார் 28 நாளைக்குள் பயன்படுத்தலாமாம். பெட்டிக்குள் இருக்கும் சீட்டைப் படித்துவிட்டு, மேலே தேதி எழுதி வைக்கச் சொன்னார். போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னும் ரெண்டு பலகை போட்டா சரியாப் போச்சுக்கா" என்றான் தம்பி.

"பொறுடா, மொதல்ல கணக்கைப் பாரு" என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ஆம்பியர்-ஹவரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிஜ்ஜுக்கு ஒரு நாளைக்கு 40, விளக்கு, போன் வகையறாவுக்கு 10. ஆக, செலவு 50. வரவு? நல்ல வெயிலிலேயே 30-தான். மேகமும் மர நிழலும் சேர்ந்தால் அதில் பாதிகூடத் தேறாது. சேமிப்பும் பெயருக்குத்தான் 100. அந்த வகை பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுசு குறைந்துவிடும். அப்புறம் ஃபிரிஜ் நிற்காமல் என்ன செய்யும்?

கணக்குப் பார்த்த பிறகுதான் சாமான் வாங்கினோம். கூரையில் இன்னொரு 100 வாட் பலகை. அதோடு, மடித்து வைக்கும் பலகை ஒன்று. வண்டி நிழலில் நின்றாலும் இதை வெயிலில் விரித்துவிடலாம். நம் ஊரில் தெற்கே பார்த்து வைப்போம். அங்கே வடக்கே பார்த்து வைக்க வேண்டும்! பழைய பாட்டரிக்குப் பதில் அதே அளவு லித்தியம் பாட்டரி. இதில் 80 வரை தைரியமாக எடுக்கலாம்.

பலகை கூடினால் நடுவே இருக்கும் கன்ட்ரோலரும் தாங்க வேண்டும். 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் போட்டு, லித்தியத்துக்கு ஏற்றபடி மாற்றி வைத்தார் எலக்ட்ரீஷியன். வயரும் தடிமனாக, பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸும் போட்டார். இதிலெல்லாம் சிக்கனம் பார்த்தால் தீ விபத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

"மிக்ஸி ஓடுமாடா?" இது என் கவலை. வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் விடை கிடைத்துவிடும். 500 வாட் மிக்ஸியில் இரண்டு நிமிஷம் சட்னி அரைத்தால் ஒன்றரைகூட ஆகாது. 700 வாட் ரைஸ் குக்கர் அரை மணி ஓடினாலோ 30 போய்விடும், ஒரு பலகையின் முழு நாள் சம்பாத்தியம்! ஆகவே சட்னி கரண்டில், சாதம் காஸில் என்று முடிவு செய்தோம்.

ஊர் திரும்புமுன் கிராம்பியன்ஸ் மலைப்பக்கம் போய் மூன்று ராத்திரி தங்கினோம். ஃபிரிஜ் விடிய விடிய உறுமிக்கொண்டே இருந்தது.

"இந்தச் சத்தத்துல எப்படித்தான் தூங்கறதோ!" என்று அலுத்துக்கொண்டாள் அம்மா. எனக்கென்னவோ அதுதான் தாலாட்டு!