ஓய்வூதிய ஆணையத்தின் அமைப்பு

அரசு ஊழியரின் ஓய்வூதியம் நீண்ட காலம் அரசின் வருவாயிலிருந்தே வழங்கப்பட்டு வந்தது. 2004ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்கு, ஆயுதப்படையினர் நீங்கலாக, இம்முறை மாறியது. ஊழியரும் அரசும் செலுத்தும் சந்தா, தனி நிதியாகத் திரட்டப்பட்டு முதலீடு செய்யப்படலாயிற்று. எனவே அந்நிதியைக் கண்காணிக்க ஓர் அமைப்பு இன்றியமையாததாயிற்று.

2003இல் அரசுத் தீர்மானத்தின் மூலம் இடைக்கால ஓய்வூதிய ஆணையம் ஏற்படுத்தப்பட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையத்திற்குச் சட்டபூர்வமான அதிகாரம் அளித்தது. இச்சட்டப்படி ஆணையத்தில் ஒரு தலைவரும் ஆறு பேருக்கு மேற்படாத உறுப்பினர்களும் இருப்பர். உறுப்பினருள் குறைந்தது மூவர் முழுநேரப் பணியாற்றுவர். பொருளாதாரம், நிதி, சட்டம் ஆகிய ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவரேனும் இடம்பெறல் வேண்டும். அனைவரையும் மத்திய அரசே நியமிக்கிறது. பதவிக்காலம் ஐந்தாண்டு, வயது வரம்பு தலைவருக்கு 65, முழுநேர உறுப்பினருக்கு 62.

சந்தா செலுத்தும் ஊழியருக்கென ஆணையத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை. 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்புநிதிச் சட்டப்படி அமைந்த மத்திய அறங்காவலர் வாரியத்திலோ தொழிலாளர் பிரதிநிதிகள் உறுப்பினராகவே அமர்ந்தனர். ஓய்வூதியச் சட்டம் ஊழியர் சங்கங்கள், சந்தாதாரர் முதலியோரின் நலனை எடுத்துரைக்க ஆலோசனைக் குழு ஒன்றை மட்டுமே வகுத்துள்ளது. 25 பேருக்கு மேற்படாத இக்குழு கருத்துக் கூறலாம். முடிவு செய்ய இயலாது. ஆகவே, சேமிப்புக்கு உரியவரின் குரல் எட்டுவது, ஆணையம் அக்கருத்துக்கு அளிக்கும் மதிப்பைப் பொறுத்ததாகும்.